கதை விளையாட்டும் ஒரு கைத்தொழில்



கோடை விடுமுறையில் திண்ணையில் அமர்ந்து தாயம் உருட்டாத பெண் பாப்பாரப்பட்டியில் இருக்க முடியாது. பல்லாங்குழி, பரமபதம், ஆடு புலி ஆட்டம் எல்லாம் நம் பாட்டிமார் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்கள். ஆனால் அவற்றை முதன்முதலில் எண்ணி உண்டாக்கியவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. பெயர் நிற்கவில்லை, விளையாட்டு மட்டும் நிற்கிறது.

இன்று நிலைமை வேறு. விளையாட்டை எழுதுவோர், நூலாசிரியர்களைப்போல் அட்டையில் தம் பெயரைப் பொறித்துக் கொள்கிறார்கள். அதை விற்று ஊதியமும் பெறுகிறார்கள். "ஒரு பெண் விளையாட்டு எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். முடியும், ஆனால் எளிதன்று. கற்பனை மட்டும் சோறு போடாது. எடுத்த வேலையை முடிப்பதும், முடித்த வேலையின் உரிமையைக் காப்பதுமே சோறு போடும். இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

கதை விளையாட்டு என்பது யாது?

நம் மாவட்டத்தில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். திரௌபதியாகவும் துரியோதனனாகவும் வேடமிட்டவர்கள் விடிய விடிய ஆடுவார்கள். ஆனால் கதையின் முடிவு முன்பே எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரியாத ஒரு கூத்தை எண்ணிப் பாருங்கள். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியோ பாயிலோ அமர்கிறார்கள். ஒருத்தி கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "ஆற்றில் வெள்ளம் வருகிறது, என்ன செய்கிறாய்?" என்று கதைசொல்லி கேட்கிறாள். "பரிசல்காரரைக் கூப்பிடுகிறேன்" என்கிறாள் இன்னொருத்தி. அது பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்கிறது. இதுவே கதை விளையாட்டு. ஆங்கிலம் அறிந்தோர் இதனை 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். வேடமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். விதிகளும் கதைக் களமும் எழுதிய ஒரு சிறு புத்தகம், காகிதம், பென்சில், இரண்டு பகடை போதும். அந்தச் சிறு புத்தகத்தை எழுதுவதே நாம் பேசும் தொழில்.

செருப்புத் தைத்தவரின் பெட்டி

இவ்வகை விளையாட்டுகளுள் முதன்முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் எழுதி 1974ஆம் ஆண்டு வெளியிட்டனர். கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் பார்த்த வேலையை 1970இல் இழந்தவர். குடும்பத்தைக் காக்க வீட்டிலேயே செருப்புத் தைத்துக்கொண்டு விளையாட்டு எழுதினார். பிறர் வெளியிடுவார்கள் என்று காத்திராமல் 1973இல் நண்பருடன் சேர்ந்து தாமே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். முதலில் அச்சிட்டவை 1000 படிகள்தாம். அவற்றை வீட்டில் வைத்தே பெட்டியில் அடுக்கி அனுப்பினார்கள். ஓராண்டுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் தமக்குச் சேர வேண்டிய உரிமைப்பங்குக்காக ஆர்னசன் 1979இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 1985இல் கைகாக்ஸே தாம் தொடங்கிய நிறுவனத்தின் மீதான பிடியை இழக்க நேர்ந்தது. 1997இல் அந்நிறுவனத்தை 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்னும் மற்றொரு நிறுவனம் வாங்கியது. உருவாக்குவது ஒரு திறமை. உருவாக்கியதைக் கையில் வைத்திருப்பது வேறொரு திறமை என்பதை இதனால் அறிகிறோம்.

500 டாலரில் போன விளையாட்டு

இதைவிடப் பெரிய பாடம் ஒரு பெண்ணின் வரலாற்றில் இருக்கிறது. எலிசபெத் மேகி என்பவர் சுருக்கெழுத்துப் பணியாளராக இருந்தவர். நிலத்தைச் சிலரே வளைத்துப் போட்டுக்கொண்டு வாடகையால் ஏழைகளை வதைப்பதை மக்களுக்குக் காட்ட ஒரு விளையாட்டு அமைத்தார். 'நிலக்கிழாரின் விளையாட்டு' என்று பொருள்படும் பெயரிட்டு, 1904ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதன் வழிவந்ததுதான் உலகம் முழுவதும் விளையாடும் 'மோனோபோலி'. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பங்கு என்ற பேச்சே இல்லை. அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்பவரே என்று பல ஆண்டுகள் உலகம் நம்பியது. மேகி 1948இல் காலமானார். வேறொரு வழக்கின் பொருட்டு 1970களில் பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான் அவர் பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, காப்புரிமைகூட இருந்தது. கையெழுத்து இட்ட ஒரே நாளில் அனைத்தும் கைமாறின. மாணவியரே, இதை மறவாதீர்கள்.

நமக்கு அருகிலிருந்து சென்ற கதைகள்

"இதெல்லாம் அமெரிக்கச் செய்தி, நமக்கென்ன?" என்று எண்ண வேண்டா. ஓசூர் வட்டத்துப் பாலிகானப்பள்ளியில் 1997இல் தொடங்கப்பட்டது சாந்தி பவன் என்னும் உறைவிடப் பள்ளி. அப்போது அவ்வூர் நம் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டம். ஏழைக் குழந்தைகளுக்கான அப்பள்ளியின் நிருவாகத்தில் பணியாற்றிய அஜித் ஜார்ஜ், கதை விளையாட்டும் எழுதுபவர். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வரிசையில் 2021இல் வந்த ஒரு நூலுக்காக இந்தியச் சாயல் கொண்ட 'கலாகேரி' என்னும் நாட்டைப் படைத்தார். 2022இல் வெளியான 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' என்னும் 13 கதைகளின் தொகுப்பைத் தலைமையேற்று நடத்திய இருவருள் இவரும் ஒருவர். ஒரு கையில் பள்ளிப் பணி, மறு கையில் எழுத்துப் பணி!

அந்தத் தொகுப்பில் ஒரு கதையை எழுதியவர் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல். வங்கத்து ஆறுகளையும் காடுகளையும் நினைவூட்டும் 'சங்கபூமி' என்னும் நாட்டை அவர் அதில் அமைத்தார். பதிப்பகத்தில் பணி, சிறுகதை, தொகுப்பு நூல் என்று படிப்படியாக வந்தவர் அவர். அவர் இணைந்து தொகுத்த கட்டுரை நூல் 2018இல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. விளையாட்டு எழுதும் வாய்ப்பு வானத்திலிருந்து விழவில்லை; முன்பே எழுதி முடித்தவை அவருக்காகப் பேசின.

சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் 'கிரீடா' என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் போன்றவற்றை மீண்டும் கடைக்குக் கொண்டு வந்தார். இவை கதை விளையாட்டுகள் அல்ல. ஆயினும் பாட்டி வீட்டு விளையாட்டும் ஒரு தொழிலுக்கு அடிப்படையாகலாம் என்பதற்கு இது சான்று.

தாமே எழுதித் தாமே வெளியிடுவோர்க்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வின்சென்ட் பேக்கர், மெகுவே பேக்கர் தம்பதியர். இவர்கள் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்னும் விளையாட்டின் முறையைப் பின்பற்றி மற்றவர்களும் தம் விளையாட்டுகளை எழுத இசைவு தந்தனர். அதனால் பல நூறு புதிய விளையாட்டுகள் பிறந்தன. அந்த முறையையே இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம். யாரிடம் கற்றோமோ அவர் பெயரைச் சொல்வது நன்றி மட்டுமன்று, தொழில் நேர்மையும் ஆகும்.

ஒரு சிறு விளையாட்டை எழுதிப் பார்ப்போம்

முதல் முயற்சி ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

களம்: ஆடிப்பெருக்கு நாள். ஒகேனக்கலில் கூட்டம் அலைமோதுகிறது. உடன் வந்த பாட்டி கூட்டத்தில் தவறிவிட்டார். கடைசிப் பேருந்துக்கு முன் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாத்திரங்கள்: நான்கு பேத்திகள். ஒருத்திக்குப் பேச்சுத் திறமை, ஒருத்திக்குக் கூர்ந்த கண், ஒருத்திக்குத் துணிச்சல், ஒருத்திக்கு நினைவாற்றல்.

விதி: ஐயமான செயல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை உருட்டிக் கூட்டுக. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7, 8, 9 வந்தால் வெற்றி உண்டு, ஆனால் ஓர் இழப்பும் உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் புதிய தொல்லை.

இங்கேதான் கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது. இரண்டு பகடை விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் 10க்கு மேற்பட்டவை 10ஐயும் சேர்த்து 6 வகை. 7 முதல் 9 வரை 15 வகை. 6உம் அதற்குக் கீழும் 15 வகை. ஆகவே ஆறில் ஒரு முறைதான் முழு வெற்றி. பாத்திரத்தின் திறமைக்கு ஏற்ற செயலானால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று விதி சேர்த்துப் பாருங்கள். முழு வெற்றி 10 வகையாகவும், இடைப்பட்டது 16 வகையாகவும், தொல்லை 10 வகையாகவும் மாறும். ஒன்று என்னும் சிறு எண் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது! தொல்லை மிகுந்தால் விளையாடுவோர் சோர்வர்; வெற்றி மிகுந்தால் சலிப்பர். இந்த அளவறிந்து அமைப்பதே எழுதுபவரின் வேலை. 'கணக்கு எதற்கு உதவும்?' என்று கேட்கும் மாணவியர் இதனைக் குறித்துக்கொள்க.

எழுதியபின் செய்ய வேண்டியது சோதனை. உங்கள் தாளை வகுப்புத் தோழியர் நால்வரிடம் கொடுங்கள். நீங்கள் அருகில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. வாய் திறவாமல் பார்க்க வேண்டும். எங்கே அவர்கள் புருவம் சுருக்குகிறார்களோ அங்கே உங்கள் எழுத்து தெளிவில்லை. எங்கே நேரம் போவது தெரியாமல் சிரிக்கிறார்களோ அதுவே உங்கள் பலம். நாளை உங்கள் புத்தகத்தை வாங்குபவருக்கு விளக்கம் சொல்ல நீங்கள் உடன் போக முடியாதன்றோ! திருத்துக, வேறு நால்வரிடம் கொடுக்க, மீண்டும் திருத்துக. தொடங்கியவர் ஆயிரம், முடித்தவர் பத்து என்பதே இத்தொழிலின் நிலை.

கூலி எப்படி வரும்?

இத்தொழிலில் வருவாய் நான்கு வாய்க்கால்களில் வருகிறது. ஒன்று, பிற பதிப்பகங்களுக்கு எழுதித் தருதல். பெரும்பாலும் சொற்களை எண்ணிக் கூலி தருவார்கள். இரண்டு, தாமே சிறு நூலாக அச்சிட்டு விற்றல். மூன்று, அதே நூலை இணையத்தில் மின்படியாக விற்றல். 'இட்ச்' போன்ற தளங்களில் தனியாள் எவரும் தம் படைப்பைத் தாமே விலையிட்டு வைக்கலாம். நான்கு, பள்ளிகளிலும் நூலகங்களிலும் விளையாட்டை நடத்திக் காட்டுதல்.

அச்சுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஓர் ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். எட்டுத் தாளில் 32 பக்கச் சிறு நூல் ஆகிவிடும். ஒரு படிக்கு அச்சும் தையலும் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 படிக்கு 4000 ரூபாய். படம் வரைந்தவருக்கு 1500 ரூபாய். ஆக முதலீடு 5500. நூலின் விலை 100 ரூபாய். கடைக்காரர் கழிவு 40 போக நம் கைக்கு 60. அப்படியானால் 92 படி விற்ற பிறகுதான் போட்ட பணம் திரும்பும். 100உம் விற்றால் மிச்சம் 500 ரூபாய்! பல மாத உழைப்புக்கு இதுவா கூலி என்று மனம் கலங்கும். ஆனால் கடையின்றி நேரில் விற்றால் 100 படியில் 4500 ரூபாய் மிஞ்சும். மின்படியோ ஒருமுறை செய்துவிட்டால் அச்சுச் செலவின்றி ஆண்டுக்கணக்கில் விற்கும். ஒரே நூலால் வாழ்ந்தவர் அரியர். பத்து நூல்களைப் பட்டியலில் வைத்திருப்பவருக்கு ஒன்றைத் தேடி வந்தவர் மற்றொன்றையும் வாங்குவர்.

உரிமையைக் காக்கும் வழி

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி, எழுதிய அன்றே எழுத்தின் உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. அந்த உரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். ஆனால் சட்டம் காப்பது எழுத்தையும் படத்தையும்தான். 'இரண்டு பகடை உருட்டுக' என்னும் வெறும் கருத்தை அன்று. ஆகவே பிறர் முறையைக் கற்கலாம். பிறர் சொற்களைக் களவாடக் கூடாது.

உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளும். சம்பளத்துக்குப் பணிபுரியும்போது அப்பணியின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லையேல், முதலாளிக்கே உரியது. இந்த நான்கு செய்திகளை மனத்தில் பதித்த பெண்ணை எவரும் எளிதில் ஏய்க்க முடியாது. ஒப்பந்தத் தாள் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளும் நான்கே: எதை விற்கிறேன்? எத்தனை காலத்துக்கு? எவ்வளவு, எப்போது தருவீர்கள்? என் பெயர் எங்கே வரும்?

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆகவே மாணவியர் எவரேனும் "உன் கதையை அனுப்பு, பணம் தருகிறோம்" என்று இணையத்தில் அழைத்தால் பெற்றோரிடம் காட்டாமல் ஒரு வரியும் அனுப்ப வேண்டா. முகவரியும் ஒளிப்படமும் கூடவே கூடாது. நூல் வெளியிடும் நாள் வரும்போது அதற்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

'விளையாட்டு எழுதுகிறேன்' என்று மகள் சொன்னால் நெஞ்சு திடுக்கிடுவது இயல்பே. மாதச் சம்பளம் போல் இது நிலையானதன்று. படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்குமாறு எவரும் சொல்லவில்லை. கைகாக்ஸ் செருப்புத் தைத்தார், மேகி சுருக்கெழுத்து எழுதினார். நம் பெண்ணும் ஆசிரியராகவோ செவிலியராகவோ கணக்கராகவோ இருந்துகொண்டு, மாலையில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். கைத்தொழில் வளர்ந்த பின்னர் எது முதல், எது துணை என்று முடிவு செய்யலாம். இதற்கிடையில் அவள் கற்பது வீண் போகாது. தெளிவாக எழுதுதல், கணக்குப் பார்த்தல், பிறர் குறை சொல்லக் கேட்டுத் திருத்துதல், ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடுதல் ஆகிய இவை எந்த வேலைக்கும் ஆகும் படிப்பன்றோ? ஆகவே அடுத்த முறை மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து "அப்பா, விளையாடிப் பார்க்கலாமா?" என்றால், அரை மணி நேரம் அவளோடு அமருங்கள்.

முடிவுரை

நம் ஊரில் துயில் கொண்டிருக்கும் தியாகி சுப்பிரமணிய சிவா, சிறையிலிருந்து நோயுடன் மீண்டவர். அடுத்த ஆண்டே, 1913இல், 'ஞானபானு' என்னும் மாத இதழைத் தொடங்கினார். பெரும் பணமோ பெரிய நிறுவனமோ அவர் பின்னால் இல்லை. சொல்ல வேண்டிய சொல் இருந்தது. 1925இல் இம்மண்ணில் அவர் கண்மூடியபோது செல்வம் சேர்த்திருக்கவில்லை. ஆயினும் தம் பெயரால் தாமே வெளியிட்ட எழுத்து அவருக்கு இருந்தது. அவர் நோக்கம் பெரிது, நம் முயற்சி சிறிது. ஆனாலும் தன் சொல்லைத் தானே முடித்து, தன் பெயரிட்டு, பிறர் கையில் நேர்மையாகக் கொடுப்பது எப்பணிக்கும் பொதுவான பெருமை.

பல்லாங்குழியைத் தந்த பாட்டியின் பெயர் நமக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் பெயர் அப்படிப் போக வேண்டா. ஒரு பக்கம் எழுதுங்கள், முடியுங்கள், கீழே உங்கள் பெயரையும் தேதியையும் தெளிவாக இடுங்கள்.

பயிற்சி

1. மேலே கண்ட ஒகேனக்கல் ஆட்டத்துக்கு மூன்று புதிய தொல்லைகளை எழுதுக.

2. திறமைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கூட்டினால், 36 வகைகளுள் முழு வெற்றி எத்தனை? கணக்கிட்டுக் காண்க.

3. நம் ஊர்ச் சந்தையையோ, வீட்டையோ, பள்ளியையோ களமாகக் கொண்டு ஒரு பக்கக் கதை விளையாட்டு எழுதித் தோழியர் நால்வரை விளையாடச் செய்து, அவர்கள் தடுமாறிய இடங்களைக் குறித்து வருக.